இரண்டு கீறல்களுக்கு நடுவே

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள்
பள்ளத்தூர் ஸ்டேஷனிலிருந்து போன்.
"அடைக்கலம் பேருல ஒரு எஸ்.பி.எம்.எல். இருக்கு.
வாரிசு யாரு?"
அண்ணன் செவுகன் ஜோகூரில் வெல்டிங் வேலையில் இருக்கிறான்.
நான்தான் என்றேன்.
ஏட்டு சற்று நேரம் பேசவில்லை.
பிறகு, "உள்ள மருந்து இருக்காம்மா?"

தெரியவில்லை.
நெல்லுக் குதிருக்குப் பின்னால் நின்றிருந்தது அது,
என்னைவிட ஒரு சாண் உயரம்.
கூடவே ஓர் உரப்பை. கவிழ்த்தேன்.
எருமைக் கொம்பு ஒன்று, வாயில் தக்கை,
உள்ளே கருமருந்து.
மருந்தளக்க மூக்குப்பொடி டப்பாவின் மூடி.
தைலச் சீசாவில் பதினோரு கேப்பு.
கடலை எண்ணெய் ஊறிய வேட்டிக் கிழிசல்.
ஒரு கிலோ ரவை,
கடைக்காரர் போட்ட சணல் முடிச்சோடு.

அடைக்கலம் குறி தப்பாது என்பார்கள்.
ஒரே வெடி, ரெண்டு பன்னி என்று
டீக்கடையில் அப்பாவே சொல்லக் கேட்டிருக்கிறேன்.
கறியை யார் தின்றது என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.
காரைக்குடிக்கு நான் காலேஜ் போன மூன்று வருஷமும்
டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
காலியாகவே வந்தது.

கெட்டிக்கிற கம்பியில் இரண்டு கீறல்.
கீழ்க்கீறல் வாயோடு நின்றால் நிறைந்த குழல்.
மேல்கீறல் வரைக்கும் இறங்கினால் வெறுங்குழல்.
இதை போனில் சொன்னது அண்ணன்,
பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தத்தோடு.
விட்டுப் பார்த்தேன்.
கம்பி இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அண்ணனுக்கும் அது புரியவில்லை.
"வானத்தைப் பாத்து சுட்டுட்டுப் போயேன்" என்றான்.
கேப்பை வைக்க வேண்டும், குதிரையை இழுக்க வேண்டும்,
தோளில் வைக்க வேண்டும்.
எனக்குத் தோள்வலி, தைராய்டு,
மூன்று மணிக்கு ரேஷன் கடை.

காதில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.
விடிந்ததும் கம்பி முனையில் திருகாணி மாட்டிக்
குளியலறையில் உட்கார்ந்து திருகினேன்.
முதலில் வந்தது காகிதம்.
ரவை உருளும் என்று முறத்தைப் பிடித்தேன்.
ஒன்றும் விழவில்லை.
பிறகு கறுப்புக் கூழ்,
அழுகிய முட்டை வாடை, கால் விரலிடுக்கெல்லாம்.
அவ்வளவுதான்.
ரவைக்கு உண்டான இடம்
காலியாக இருந்தது.

காகிதத்தை விரித்தேன்.
நாள்காட்டித் தாள். ஐப்பசி ஒன்பது.
விருச்சிகம்: வரவு.
ஒன்பதாம் தேதியைப் பத்தாம் தேதி காலையில்தான் கிழிப்பார்.
பத்தாம் தேதி மதியம் ஆம்புலன்ஸ் வந்தது.

முறத்தைக் கழுவி வெயிலில் சாய்த்தேன்.
ரவைப் பொட்டலத்தைக் கையில் எடுத்து
முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சணல் நரைத்திருந்தது.
பொட்டலத்தில் இருந்த கடை
நான் பத்தாவது படிக்கும்போதே மூடிவிட்டது.

ஏட்டு ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டே வந்தார்.
துப்பாக்கி ஒன்று. கம்பி ஒன்று.
கொம்பு ஒன்று, மருந்தோடு.
ரவை?
"பிரிக்காதது" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
"உங்கப்பா பெரிய வேட்டைக்காரராச்சே."
ஆமாம் என்றேன்.
சொன்ன பிறகுதான்
அந்தப் பொய்யும் என் பேருக்கு மாறிவிட்டது தெரிந்தது.
கையெழுத்துப் போடும்போது
நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.

கடலை பிடுங்கப் பத்து நாள் இருந்தது.
அன்று ராத்திரி கண்மாய்ப் பக்கமிருந்து வந்தன,
ஐந்தோ ஆறோ, குட்டிகளோடு.
எண்ணெய்த் தகரத்தைத் தட்டினேன்.
முதல் தட்டுக்கு நின்றன.
இரண்டாவதுக்கு ஒன்று திரும்பிப் பார்த்தது.
மூன்றாவதுக்கு எல்லாம் குனிந்து தோண்டின.

ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே
எவ்வளவு நேரம் விடுவார் என்று
நான் கேட்டுவைக்கவில்லை.